மரவேலை நிறுவனமும் வொர்க்கர்ஸ் காம்ப் பில்லும்: பணம் எங்கே போகிறது, எங்கே மிச்சமாகும்?

அமெரிக்காவில் சிறிய அளவில் மரவேலை நிறுவனம் (மரச்சாமான் செய்வதல்ல, மரம் ஏறிக் கவாத்து செய்யும், மரம் வெட்டும் நிறுவனம்) நடத்துபவர்களிடம் வொர்க்கர்ஸ் காம்ப் என்ற தொழிலாளர் விபத்துக் காப்பீடு பற்றிப் பேசினால் இரண்டு பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழும். ஒன்று, "மரம் ஏறுகிற தொழிலுக்கு ரேட் அதிகம்தான், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, வருடா வருடம் ஏஜென்ட்டை மாற்றிப் பார்க்கலாம்." இன்னொன்று, "ஆட்களுக்கு 1099 (ஒப்பந்தக்காரருக்கான வரிப் படிவம்) கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை." முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, நிறுவனத்தையே கவிழ்த்துவிடக்கூடிய யோசனை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே குறைதான்: அந்த பில்லில் உள்ள தொகை எப்படி வந்தது என்பதை யாரும் உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார்கள். அது புரிந்துவிட்டால் எங்கே கைவைக்கலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்பது தானாகத் தெரியும்.

## முதலில், இது என்ன காப்பீடு?

வேலையில் ஒருவருக்கு அடிபட்டால் மருத்துவச் செலவையும், வேலைக்கு வர முடியாத நாட்களின் ஊதியத்தில் ஒரு பகுதியையும் தரும் காப்பீடு இது. தவறு முதலாளியுடையதா, தொழிலாளியுடையதா என்று பார்ப்பதில்லை. அதற்கு ஈடாக, பொதுவாகத் தொழிலாளி முதலாளி மீது வழக்குப் போட முடியாது. 1911-ல் விஸ்கான்சினில் நிலைத்துநின்ற முதல் சட்டம் வந்தது. கடைசியாக 1948-ல் மிசிசிப்பியும் சேர்ந்துகொண்டது. இது மத்திய அரசின் ஒரே சட்டம் அல்ல, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் தனியார் முதலாளிகள் விரும்பினால் எடுக்கலாம். ஒஹையோ, வாஷிங்டன், வயோமிங், வடக்கு டகோட்டா ஆகிய நான்கிலும் மாநில அரசின் நிதியத்தில் மட்டுமே வாங்க முடியும். கலிஃபோர்னியாவில் 2023 முதல், மரவேலை உரிமம் வைத்திருப்பவர் ஓர் ஆளைக்கூட வேலைக்கு வைக்காவிட்டாலும் இந்தக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும்.

ஆகவே கீழே சொல்வது பொதுவான கணக்கு முறை. உங்கள் மாநிலத்தில் சில எண்கள் மாறலாம். வாஷிங்டனில் ஊதியத்துக்குப் பதில் வேலை செய்த மணிக்கணக்கையே அடிப்படையாக எடுக்கிறார்கள்.

## பில்லுக்குள் மூன்று எண்கள்

மின்கட்டணம் எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். இணைப்பு வீட்டுக்கா, கடைக்கா, ஆலைக்கா என்பதைப் பொறுத்து ஒரு யூனிட்டுக்கு ஒரு விலை. எத்தனை யூனிட் ஓடியது என்பது இன்னொரு எண். இரண்டையும் பெருக்கினால் கட்டணம். வொர்க்கர்ஸ் காம்பிலும் அப்படித்தான். உங்கள் தொழிலின் வகைக்கு ஒரு விலை உண்டு. அதற்குப் பெயர் ரேட். யூனிட்டுக்குப் பதிலாக இங்கே அளக்கப்படுவது நீங்கள் கொடுக்கும் ஊதியம், ஒவ்வொரு 100 டாலருக்கும் இவ்வளவு என்று. வருடக் கடைசியில் மீட்டர் பார்க்க வருவதுபோல ஓர் ஆடிட் உண்டு.

மின்வாரியம் உங்கள் பழைய நடத்தையைப் பார்த்து விலையை மாற்றாது. இங்கே மாற்றுவார்கள். கடந்த சில ஆண்டுகளில் உங்களிடம் நடந்த விபத்துகளை, அதே தொழிலில் அதே அளவு ஊதியம் கொடுக்கும் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டு ஒரு பெருக்கெண் போடுவார்கள். அதுதான் எக்ஸ்பீரியன்ஸ் மாட், சுருக்கமாக மாட். 1.00 என்றால் சராசரி. அதற்கு மேல் போனால் அபராதம் மாதிரி, கீழே வந்தால் சலுகை மாதிரி.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டு ஊதியம் 2,00,000 டாலர், ரேட் 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2,00,000-ஐ 100-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 30,000 டாலர். மாட் 1.25 ஆக இருந்தால் 37,500. அதே நிறுவனத்தின் மாட் 0.85 ஆக இருந்தால் 25,500. ஒரே ஊர், ஒரே வேலை, ஒரே ஆட்கள். வித்தியாசம் வருடத்துக்கு 12,000 டாலர்.

ஆக ரேட், ஊதியம், மாட் என்று மூன்று. ரேட் உங்கள் கையில் இல்லை என்பது பெரும்பாலும் உண்மை. மற்ற இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

## வகுப்புக் குறியீடு: யார் எதில் வருகிறார்கள்?

ஒவ்வொரு தொழிலுக்கும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு; அது வகுப்புக் குறியீடு. பெரும்பாலான மாநிலங்களுக்கு இதைத் தொகுத்துத் தருவது என்சிசிஐ என்ற அமைப்பு. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்றவை தங்களுக்கென்று தனி அமைப்பு வைத்திருக்கின்றன. மரக் கவாத்து, மருந்தடிப்பு போன்ற மரவேலைக்கு 0106. தோட்டம் அமைக்கும் வேலைக்கு 0042. அலுவலக எழுத்து வேலைக்கு 8810. வெளியே போய் மதிப்பீடு கொடுத்து வேலை பிடிப்பவர்களுக்கு 8742.

இங்கே பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று. "மரம் ஏறுபவர் மட்டும்தானே 0106? கீழே கிளை இழுக்கிற பையனைத் தோட்ட வேலையில் போடலாமே" என்பார்கள். முடியாது. என்சிசிஐ வரையறையில் 0106 என்பது அந்த வேலையின் எல்லாச் செயல்களையும், ஓட்டுநர்களையும் சேர்த்துத்தான். கிளை இழுப்பவர், சிப்பரில் (கிளைகளைச் சில்லுகளாக நொறுக்கும் இயந்திரம்) தள்ளுபவர், லாரி ஓட்டுபவர் எல்லோரும் அதற்குள்தான் வருகிறார்கள். காரணமும் நியாயமானது. மேலிருந்து விழும் கட்டை, ஏறியிருப்பவரை விடக் கீழே நிற்பவரைத்தான் தேடி வரும்.

ஆனால் நியாயமாகக் குறைந்த ரேட்டுக்கு உரியவர்களை 0106-ல் விட்டுவைப்பதும் அடிக்கடி நடக்கிறது. தனியறையில் உட்கார்ந்து போன் எடுத்து, பில் போடும் ஒருவருக்கு ஆண்டுக்கு 40,000 டாலர் ஊதியம் என்று வைப்போம். மேலே சொன்ன 15 டாலர் ரேட்டில் அவருக்காக மட்டும் 6,000 டாலர் போகும். எழுத்து வேலை ரேட் 30 சென்ட் என்று எடுத்துக்கொண்டால் 120 டாலர்தான். இந்தப் பிரிவுக்கு அவர் அந்த வேலையை மட்டுமே செய்ய வேண்டும். மதிப்பீடு கொடுப்பவர் ஆள் குறையும் நாளில் கயிறு பிடிக்கப் போனால் 8742 போய்விடும்.

தோட்ட வேலையும் மரவேலையும் இரண்டும் செய்யும் நிறுவனமாக இருந்தால் ஒருவரின் ஊதியத்தை இரண்டாகப் பிரிக்க வழி இருக்கலாம். அதற்கு, இன்று காலை 8 முதல் 12 வரை புல்தரை, 1 முதல் 5 வரை மரம் என்று அன்றாட நேரப் பதிவு வேண்டும். "சுமார் பாதிப் பாதி" என்றால் ஆடிட்டர் ஏற்கமாட்டார். மொத்தத்தையும் அதிக ரேட்டில் போட்டுவிடுவார்.

## ஊதியமும் ஆடிட்டும்

பாலிசி தொடங்கும்போது கட்டுவது உத்தேசத் தொகைதான். ஆண்டு முடிந்ததும் ஆடிட்டர் வந்து, அல்லது காகிதங்களை அனுப்பச் சொல்லி, உண்மையான ஊதியத்தைப் பார்ப்பார். காலாண்டு வரிப் படிவம் 941, ஊதியப் பதிவு, காசோலைப் பதிவு, துணை ஒப்பந்தக்காரர்களின் சான்றிதழ்கள் எல்லாம் கேட்பார்.

இங்கே விட்டுப்போகும் பணம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் ஓவர்டைமுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பகுதியைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. மணிக்கு 20 டாலர் வாங்குபவருக்கு ஓவர்டைமில் 30 கொடுத்தால், அந்த 10 டாலரை விலக்கலாம். புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் இரவு பகலாக வேலை நடக்கும் தொழிலில் இது சின்னத் தொகை அல்ல. ஆனால் ஊதியப் பதிவில் ஓவர்டைம் தனியாகத் தெரிய வேண்டும். ஒரே வரியில் மொத்தமாக எழுதியிருந்தால் முழுத் தொகைக்கும் பிரீமியம்தான்.

## 1099 என்ற பொறி

1099 என்பது சுயதொழில் ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த பணத்தைக் காட்டும் வரிப் படிவம். அதைக் கொடுத்ததால் ஒருவர் ஒப்பந்தக்காரர் ஆகிவிடமாட்டார். உங்கள் லாரியில் வந்து, உங்கள் ரம்பத்தைப் பிடித்து, நீங்கள் சொன்ன நேரத்துக்கு வேலை செய்பவரைச் சட்டம் தொழிலாளியாகத்தான் பார்க்கும்.

உண்மையான துணை ஒப்பந்தக்காரராகவே இருந்தாலும், அவரிடம் வொர்க்கர்ஸ் காம்ப் இல்லையென்றால் ஆடிட்டர் அவருக்குக் கொடுத்த பணத்தை உங்கள் ஊதியக் கணக்கில் சேர்த்துவிடலாம். அதனால் வேலை தொடங்கும் முன்பே காப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி, அதிலுள்ள தேதிகள் அவர் வேலை செய்யும் நாட்களை உள்ளடக்குகின்றனவா என்று பாருங்கள். மார்ச்சில் முடிந்துபோன சான்றிதழ் ஜூன் மாத வேலைக்கு உதவாது. அந்தச் சான்றிதழை அவர் கையால் வாங்குவதைவிட அவருடைய ஏஜென்ட்டிடமிருந்து நேராக வரவழைப்பது நல்லது. ஆடிட்டில் வரும் கூடுதல் பில்லாவது பணத்தோடு போகும். காப்பீடு இல்லாத ஒருவர் மரத்திலிருந்து விழுந்தால், அவருடைய குடும்பம்தான் முதலில் நடுத்தெருவுக்கு வரும்.

இதுவரை பார்த்ததெல்லாம் காகித வேலை: சரியான குறியீடு, தெளிவான நேரப் பதிவு, தனியாகக் காட்டிய ஓவர்டைம், செல்லுபடியாகும் சான்றிதழ். இனி வருவது கொஞ்சம் ஆழமானது. பெரிய பணம் அங்கேதான் இருக்கிறது.

## மாட் எப்படிக் கணக்காகிறது?

மாட் கணக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளின் பாலிசிகளை எடுப்பார்கள். இப்போது முடிந்துகொண்டிருக்கும் பாலிசியை விட்டுவிடுவார்கள். 2026 ஜனவரி 1-ல் தொடங்கும் பாலிசிக்கு 2022, 2023, 2024 ஆண்டுகளின் விபத்துகள்தான் கணக்கு. 2024-ல் நடந்த ஒரு விபத்து 2026, 2027, 2028 என்று மூன்று ஆண்டு பில்லிலும் உட்கார்ந்திருக்கும்.

மிகச் சிறிய நிறுவனங்களுக்கு மாட் போடமாட்டார்கள். பிரீமியம் மாநிலம் வைத்திருக்கும் ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டினால்தான் அது தொடங்கும். அதுவரை 1.00 மாதிரிதான். மரவேலையில் ரேட் அதிகம் என்பதால் நாலைந்து ஆட்கள் சேர்ந்தாலே அந்த அளவைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. தாண்டாவிட்டாலும் காப்பீட்டு நிறுவனம் உங்கள் விபத்துப் பட்டியலைக் கேட்டுத்தான் வாங்கும்.

கணக்கின் மையத்தில் இருப்பது ஒரு கோடு. ஒவ்வொரு கிளெய்மின் (ஒரு விபத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கையின்) தொகையையும் அந்தக் கோட்டில் இரண்டாக வெட்டுவார்கள். கோட்டுக்குக் கீழே உள்ளது முதன்மை இழப்பு. அது முழுதாக எண்ணப்படும். மேலே உள்ளது கூடுதல் இழப்பு. அதில் கொஞ்சம் மட்டும் எண்ணப்படும். என்சிசிஐ மாநிலங்களில் இந்தக் கோடு 2013-க்கு முன் 5,000 டாலராக இருந்தது. பிறகு படிப்படியாக உயர்ந்து, இன்று அதைப் போல் சில மடங்கு ஆகிவிட்டது.

கோடு 18,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்தில் ஒரே பெரிய விபத்து, செலவு 60,000. இதில் 18,000 முழுதாக எண்ணப்படும்; மீதி 42,000-க்குச் சிறு பங்குதான். இன்னொரு நிறுவனத்தில் ஆறு விபத்து, ஒவ்வொன்றும் 10,000. மொத்தம் அதே 60,000. ஆனால் எல்லாமே கோட்டுக்குக் கீழே இருப்பதால் 60,000-மும் முழுதாக எண்ணப்படும். இரண்டாவது நிறுவனத்தின் மாட் எகிறிவிடும்.

ஏன் இப்படி? ஒரு பெரிய விபத்தில் கெட்ட நேரமும் பங்கு வகித்திருக்கலாம். ஆறு விபத்து நடந்தால் அந்த இடத்தில் வேலை நடக்கும் விதத்திலேயே கோளாறு இருக்கிறது, நாளை இன்னொன்று வரும் என்பது காப்பீட்டுக்காரரின் எண்ணம். எனக்கு இது சரியாகவே படுகிறது.

## வீட்டில் இருக்க வைக்காதீர்கள்

கிளெய்மில் இரண்டு வகை உண்டு. மருத்துவச் செலவு மட்டும் என்றால் அது மருத்துவ கிளெய்ம். வேலைக்கு வராத நாட்களுக்குச் சம்பளப் பணமும் போனால் அது இழந்த நேர கிளெய்ம். பெரும்பாலான மாநிலங்களில் மருத்துவ கிளெய்மின் தொகையில் 70 சதவீதத்தைத் தள்ளிவிட்டு 30 சதவீதத்தை மட்டும்தான் மாட் கணக்கில் சேர்க்கிறார்கள். 4,000 டாலர் மருத்துவச் செலவு 1,200 டாலராகத்தான் எண்ணப்படும். அதே ஆளுக்கு ஒரு நாள் சம்பள இழப்புப் பணம் கொடுத்துவிட்டால் அந்தத் தள்ளுபடி போய் முழுத்தொகையும் உள்ளே வரும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது காத்திருப்புக் காலம். அடிபட்ட முதல் சில நாட்களுக்குச் சம்பள இழப்பு கிடைக்காது. கலிஃபோர்னியாவில் 3 நாள், நியூயார்க், ஃப்ளோரிடா, டெக்சாஸில் 7 நாள். அந்த நாட்களுக்குள் அவர் ஏதாவது ஒரு வேலைக்குத் திரும்பிவிட்டால் அது மருத்துவ கிளெய்மாகவே நின்றுவிடும்.

அதனால்தான் லைட் டியூட்டி, அதாவது அடிபட்ட உடம்பு தாங்கும் இலகுவான வேலை, என்ற ஏற்பாடு. மணிக்கட்டில் சுளுக்கு விழுந்த தரைப்பணியாளர் கட்டை தூக்க முடியாது. ஆனால் மறுநாள் பழுதுபார்க்க உதிரிபாகம் வாங்கி வரலாம். கயிறு, சேணம் (மரம் ஏறும்போது உடம்பில் கட்டும் பட்டை), கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேய்மானத்தைப் பதிவேட்டில் எழுதலாம். வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்து நாள் குறிக்கலாம். சாலையோர வேலையில் வண்டிகளை நிறுத்தி அனுப்பலாம். மரவேலை நிறுவனத்தில் இப்படி யாரும் செய்யாமல் கிடக்கும் வேலைகள் எப்போதும் இருக்கும். அவற்றை முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை தூக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று குறித்து ஒரு தாளாக வைத்திருங்கள். அடிபட்டவரோடு ஒருவர் மருத்துவமனைக்குப் போகும்போது அந்தத் தாளும் போக வேண்டும். தாள் இல்லையென்றால் மருத்துவருக்கு மரவேலை என்றால் மரத்தில் தொங்குவதுதான் தெரியும். "இரண்டு வாரம் ஓய்வு" என்று எழுதிவிடுவார்.

இரண்டு எச்சரிக்கைகள். லைட் டியூட்டிக்குச் சம்பளத்தைக் குறைத்துவிட்டால் வித்தியாசத் தொகையைக் காப்பீடு ஈடுகட்ட வேண்டி வரலாம். அதுவும் சம்பள இழப்புதான். அப்புறம், மருத்துவர் சொன்ன வரம்பை மீறி ஒரு கட்டையைக்கூடத் தூக்கச் சொல்லாதீர்கள். குணமாகாத உடம்பை வேலை வாங்கினால் சின்ன காயம் பெரிதாகும். அந்த மனிதருக்கு அது வாழ்நாள் வலி.

சரி, சின்ன அடியைச் சொல்லாமல் கையிலிருந்து மருத்துவச் செலவைக் கொடுத்துவிட்டால் என்ன? பல மாநிலங்களில் அது சட்டப்படி தவறு. 70 சதவீதத் தள்ளுபடி வந்த காரணங்களில் ஒன்றே இதுதான்: சின்ன விபத்துகளையும் மறைக்காமல் சொல்லட்டும் என்று. அன்றே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பகுதியை ஒரு மூச்சில் சொன்னால்: எண்ணிக்கை குறைய வேண்டும், நடந்ததை உடனே சொல்ல வேண்டும், அடிபட்டவருக்கு முடிந்த வேலை மறுநாளே தயாராக இருக்க வேண்டும்.

## மூடாத கிளெய்ம்

கிளெய்ம் திறந்திருக்கும்வரை, இன்னும் எவ்வளவு செலவாகலாம் என்று காப்பீட்டு நிறுவனம் ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருக்கும். அது ரிசர்வ். மாட் கணக்கில் கொடுத்த பணத்தோடு இந்த உத்தேசப் பணமும் சேரும். தொழிலாளி குணமாகி வேலைக்கு வந்து மாதங்கள் ஆகியும் 20,000 டாலர் ரிசர்வ் அப்படியே கிடந்தால், நடக்காத செலவுக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள்.

இந்தத் தொகைகள் முதன்முறை எடுக்கப்படுவது பாலிசி தொடங்கி 18 மாதத்தில். ஜனவரியில் தொடங்கிய பாலிசி என்றால் அடுத்த ஆண்டு ஜூலை. அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே லாஸ் ரன் என்ற விபத்துப் பட்டியலை வாங்கி, திறந்திருக்கும் ஒவ்வொரு கிளெய்முக்கும் அதைக் கவனிக்கும் அதிகாரியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆள் வேலையில் இருக்கிறார் என்ற ஊதியச் சீட்டைக் காட்டுங்கள். ஜூலை போனபின் கேட்டால், பெரும்பாலும் அடுத்த மதிப்பீட்டுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

## மரத்தடியில் நடப்பது

விபத்து எண்ணிக்கை குறைய அலுவலகத்தில் எதுவும் செய்ய முடியாது. மரவேலைக்கென்று ஏஎன்எஸ்ஐ இசட்133 என்ற பாதுகாப்புத் தரநிலை இருக்கிறது. அதை முழுதாக இங்கே சொல்ல முடியாது; இரண்டு மட்டும்.

கட்டை விழும் பகுதிக்குள் யாரும் சொல்லாமல் நுழையக் கூடாது. மேலே இருப்பவர் எச்சரிக்கை கொடுக்க வேண்டும், கீழே இருப்பவர் பதில் கொடுக்க வேண்டும், பதில் காதில் விழுந்த பிறகுதான் ரம்பம் ஓட வேண்டும். தினமும் ஒன்றாக வேலை செய்பவர்கள் "அவன் பார்த்திருப்பான்" என்று பதிலுக்குக் காத்திருப்பதை விட்டுவிடுவார்கள். அடி விழுவது அந்த இடைவெளியில்தான்.

சிப்பரில் கிளையின் அடிப்பக்கத்தை முதலில் விட்டு, நேர் பின்னால் நிற்காமல் ஓரமாக நின்று தள்ளி, உடனே விலக வேண்டும். மணிக்கட்டுக்கு மேல் அகன்று நீளும் கையுறை கூடாது. கிளையின் கவை அதில் மாட்டி இழுத்துவிடும். ஏறும் கயிறு சிப்பர் அருகே கிடக்கவே கூடாது. தழையோடு கயிற்றின் நுனி உள்ளே போனால், அதன் மறுமுனையில் ஒரு மனிதர் மரத்தில் கட்டப்பட்டிருக்கிறார்.

காலையில் வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் மரத்தடியில் நின்று மின்கம்பி எங்கே, விழும் பகுதி எங்கே, யார் யாரிடம் பேசுவது என்று பேசி, ஒரு தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பாலிசியைப் புதுப்பிக்கும்போது அந்தத் தாள்களின் கட்டுக்கு விலை உண்டு. பல மாநிலங்களில் காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர், நிறுவனம் நடக்கும் விதத்தைப் பார்த்துத் தன் விருப்பப்படி கொஞ்சம் தள்ளுபடி தர அனுமதி இருக்கிறது. மரவேலை நிறுவனங்களைக் கையாண்டு பழகிய ஏஜென்ட், புதுப்பிப்புக்கு மூன்று மாதம் முன்பே இவற்றைத் தொகுத்துக் கொண்டுபோவார். ஏஜென்ட்டை மாற்றுவதில் பலன் உண்டென்றால் அது இந்த இடத்தில்தான்.

## மீதிச் சில வழிகள்

போதைப்பொருள் இல்லாப் பணியிடத் திட்டத்துக்குச் சில மாநிலங்கள் தள்ளுபடி தருகின்றன. ஃப்ளோரிடாவில் 5 சதவீதம். ஒவ்வொரு சம்பளத்தோடும் பிரீமியம் கட்டும் முறை செலவைக் குறைக்காது, ஆனால் ஆடிட்டில் திடீர் பில் வருவதைத் தடுக்கும்.

உரிமையாளர் தன்னைப் பாலிசியிலிருந்து விலக்கிக்கொள்ளவும் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. அலுவலகத்தோடு இருப்பவருக்குச் சரி. தானே மரம் ஏறுபவர் யோசிக்க வேண்டும். விலகிய உரிமையாளர் விழுந்தால் வொர்க்கர்ஸ் காம்ப் ஒரு டாலர்கூடத் தராது. பல மருத்துவக் காப்பீடுகளும் வேலையில் பட்ட காயத்தை ஏற்பதில்லை. விலகல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், உங்கள் மருத்துவக் காப்பீட்டு ஆவணத்தில் வேலையிடக் காயம் பற்றிய பிரிவைத் தேடி எடுத்துப் படித்துவிடுங்கள்.